எரிந்த ரவுட்டருக்குப் பதில் பத்து நிமிடத்தில் இன்னொன்று: மைக்ரோட்டிக்கை ஓர் உரைக்கோப்பால் தானாக அமைத்துக்கொள்ள வைப்பது

ஐப்பசி மழையோடு வன்னியில் இடி முழங்கத் தொடங்கினால் ரவுட்டர்கள் வரிசையாகப் போகும். பெரும்பாலும் மின்கம்பி வழியாக அல்ல. பக்கத்துக் கட்டடத்துக்கு வெளியால் இழுத்த லான் வயரின் வழியாகத்தான் அடி வருகிறது. முதலாவது போர்ட் செத்துவிடும், சிலவேளை முழுப் பெட்டியுமே. அதே மாதிரிப் பெட்டியைக் கடையில் வாங்குவது பெரிய காரியமில்லை. உள்ளே என்ன அமைப்பு இருந்தது என்பதுதான் சிக்கல்: எந்த முகவரி, எந்த வைஃபை கடவுச்சொல், எந்தக் கணினிக்கு எவ்வளவு வேகம். அமைத்துக் கொடுத்தவர் கொழும்பிலோ கனடாவிலோ இருப்பார். துணுக்காய்ப் பாடசாலையோ ஒட்டுசுட்டான் சனசமூக நிலையமோ வவுனியாவிலிருந்து ஆள் வரும்வரை இணையம் இல்லாமல் கிடக்கும்.

இதற்கு வழி, அமைப்பு முழுவதையும் ரவுட்டருக்கு வெளியே ஓர் உரைக்கோப்பில் வைத்திருப்பது. வெறும் பெட்டி ஒன்று தொடங்கும்போது அந்தக் கோப்பைத் தானே படித்து, தானே அமைந்துகொள்ளும். இங்கே மைக்ரோட்டிக் என்ற நிறுவனத்தின் ரவுட்டர்களை எடுத்துக்கொள்கிறோம். விலை குறைவு, கிடைப்பதும் எளிது; இதற்கென்றே வசதிகளும் உள்ளே உண்டு. எடுத்துக்காட்டுக்கு ஹேப் லைட் என்ற சிறிய மாதிரியும், அதற்குள் ஓடும் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ்ஸின் 7ஆம் பதிப்பும்.

கட்டளைகளை ஒலிப்பில் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். கணினியில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். பெரிய எழுத்து தேவையான ஓரிடத்தை அங்கேயே சொல்லியிருக்கிறோம். எந்தச் சொல்லின் எழுத்துக்கூட்டல் சந்தேகமாக இருந்தாலும் டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரம்) முதல் இரண்டு மூன்று எழுத்தை அடித்து டாப் விசையை அழுத்துங்கள், மிச்சத்தை ரவுட்டரே நிரப்பும்.

தொடங்கும்போது என்றால் எப்போது?

புதிதாக வருபவர்கள் குழம்பும் முதல் இடம் இது. மூன்று வேறு தருணங்கள் உள்ளன.

ஒன்று, ரீசெட் செய்த பிறகு வரும் முதல் தொடக்கத்தில் ஒரே ஒரு தரம். இரண்டு, கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும். மூன்று, யாராவது ரீசெட் பொத்தானை அழுத்தினாலும் தொழிற்சாலை அமைப்புக்குப் பதிலாக உங்கள் அமைப்பே வருவது.

பத்தில் ஒன்பது பேருக்குத் தேவை முதலாவதுதான். சிஸ்கோ நிறுவன ரவுட்டர்களில் ஓடும் அமைப்பு வேறு, தொடக்க அமைப்பு வேறு. சேமிக்க மறந்தால் கரண்ட் போனதும் எல்லாம் போய்விடும். அதைப் படித்துவிட்டு வருபவர்கள் மைக்ரோட்டிக்கிலும் ஒவ்வொரு தொடக்கத்திலும் கோப்பை ஓட்ட நினைக்கிறார்கள். மைக்ரோட்டிக் அப்படியில்லை. என்ட்டர் விசையைத் தட்டியவுடனேயே மாற்றம் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதப்பட்டுவிடும். ஒருதரம் அமைந்தால் நூறு தரம் கரண்ட் போனாலும் அப்படியே இருக்கும். ஒவ்வொரு முறையும் ஓட்டுவதற்குத் தனியான காரணம் வேண்டும். அதைப் பின்னால் பார்ப்போம்.

தேவையானவை

ரவுட்டர் ஒன்று, முடிந்தால் பரிசோதனைக்கு அதே மாதிரியில் இன்னொன்று. விண்டோஸ் மடிக்கணினி, ரவுட்டருக்குள் போய் அமைக்க வின்பொக்ஸ் என்ற இலவச மென்பொருள், ஒரு மீற்றர் லான் வயர். வைஃபை வழியாக இந்த வேலையைச் செய்யாதீர்கள், நடுவில் வைஃபையே மாறும்.

ஹேப் லைட் மைக்ரோ யூஎஸ்பி வழியாக 5 வோல்ட்டில் ஓடுவது எங்கள் பக்கத்துக்கு வசதி. ஆகக்கூடியது 3.5 வாட் எடுக்கும். நல்ல 10,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் ஒன்று சுமார் பத்து மணிநேரம் தாங்கும். ஆனால் சில பவர் பேங்குகள் கரண்ட் வரும்போதும் போகும்போதும் ஒரு கணம் வெளியீட்டை நிறுத்திவிடும், ரவுட்டர் மறுபடி தொடங்கும். வாங்க முன்னர் கடையிலேயே பிளக்கைக் கழற்றிப் பூட்டிப் பாருங்கள். அமைப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது இப்படி நின்றால் கோப்பு பாதியில் விடுபடும்.

கோப்பை எழுதுதல்

இருக்கிற ரவுட்டரில் எக்ஸ்போர்ட் கட்டளையைக் கொடுத்தால் அமைப்பு முழுவதும் உரையாக வந்துவிடும்: /எக்ஸ்போர்ட் ஃபைல்=பழையது ஷோ-சென்சிட்டிவ். கடைசிச் சொல்லை விட்டால் 7ஆம் பதிப்பில் வைஃபை கடவுச்சொல் கோப்பில் வராது. ஷோ-சென்சிட்டிவ் போட்டாலும் பயனர் கடவுச்சொற்கள், சான்றிதழ்கள், எஸ்எஸ்எச் சாவிகள் எந்த நிலையிலும் வரமாட்டா.

இதை அப்படியே புதுப் பெட்டியில் ஏற்றலாமே என்று தோன்றும். ஏற்றாதீர்கள். அதைப் பார்த்து எழுதுங்கள். எக்ஸ்போர்ட்டில் பழைய பெட்டியின் மாக் முகவரிகள் (ஒவ்வொரு போர்ட்டுக்கும் உரிய அடையாள எண்கள்) கலந்திருக்கும். குறிப்பாக போர்ட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் பிரிட்ஜ் வரியில் அட்மின்-மாக் என்று ஒன்று. அந்தக் கோப்பை ஒரே வளாகத்தில் இரண்டு பெட்டிக்கு ஏற்றினால் இரண்டும் ஒரே மாக் முகவரியோடு நிற்கும், இணைப்பு விட்டு விட்டு வரும், காரணம் கண்டுபிடிக்க ஒரு கிழமை போகும். யாரோ எப்போதோ சோதித்துவிட்டு நீக்காமல் விட்ட வரிகளும் அதில் கிடக்கும்.

நோட்பேட்டைத் திறந்து கீழுள்ளதுபோல் எழுதுங்கள். ஒரு கட்டளைக்கு ஒரு வரி.

:டிலே 20எஸ்
/இன்டர்ஃபேஸ் பிரிட்ஜ் ஆட் நேம்=லான்
/இன்டர்ஃபேஸ் பிரிட்ஜ் போர்ட் ஆட் பிரிட்ஜ்=லான் இன்டர்ஃபேஸ்=ஈதர்2
/இன்டர்ஃபேஸ் பிரிட்ஜ் போர்ட் ஆட் பிரிட்ஜ்=லான் இன்டர்ஃபேஸ்=ஈதர்3
/இன்டர்ஃபேஸ் பிரிட்ஜ் போர்ட் ஆட் பிரிட்ஜ்=லான் இன்டர்ஃபேஸ்=ஈதர்4
/இன்டர்ஃபேஸ் பிரிட்ஜ் போர்ட் ஆட் பிரிட்ஜ்=லான் இன்டர்ஃபேஸ்=டபிள்யூலான்1
/ஐபி அட்ரஸ் ஆட் அட்ரஸ்=192.168.50.1/24 இன்டர்ஃபேஸ்=லான்
/ஐபி பூல் ஆட் நேம்=பூல்1 ரேஞ்சஸ்=192.168.50.50-192.168.50.200
/ஐபி டிஎச்சிபி-சேர்வர் ஆட் நேம்=டி1 இன்டர்ஃபேஸ்=லான் அட்ரஸ்-பூல்=பூல்1 லீஸ்-டைம்=2எச் டிஸேபிள்ட்=நோ
/ஐபி டிஎச்சிபி-சேர்வர் நெட்வேர்க் ஆட் அட்ரஸ்=192.168.50.0/24 கேட்வே=192.168.50.1 டிஎன்எஸ்-சேர்வர்=192.168.50.1
/ஐபி டிஎச்சிபி-கிளையன்ட் ஆட் இன்டர்ஃபேஸ்=ஈதர்1 டிஸேபிள்ட்=நோ
/ஐபி டிஎன்எஸ் செட் அலவ்-ரிமோட்-ரிக்வெஸ்ட்ஸ்=யெஸ்
/ஐபி ஃபயர்வோல் நாட் ஆட் செயின்=எஸ்ஆர்சிநாட் அவுட்-இன்டர்ஃபேஸ்=ஈதர்1 ஆக்ஷன்=மாஸ்கரேட்
/ஐபி ஃபயர்வோல் ஃபில்டர் ஆட் செயின்=இன்புட் கனெக்ஷன்-ஸ்டேட்=எஸ்டாப்ளிஷ்ட்,ரிலேட்டட் ஆக்ஷன்=அக்செப்ட்
/ஐபி ஃபயர்வோல் ஃபில்டர் ஆட் செயின்=இன்புட் இன்-இன்டர்ஃபேஸ்=ஈதர்1 ஆக்ஷன்=டிராப்
/ஐபி ஃபயர்வோல் ஃபில்டர் ஆட் செயின்=ஃபார்வர்ட் இன்-இன்டர்ஃபேஸ்=ஈதர்1 கனெக்ஷன்-ஸ்டேட்=நியூ கனெக்ஷன்-நாட்-ஸ்டேட்=!டிஎஸ்டிநாட் ஆக்ஷன்=டிராப்
/இன்டர்ஃபேஸ் வயர்லெஸ் செக்யூரிட்டி-புரொஃபைல்ஸ் செட் டிஃபோல்ட் மோட்=டைனமிக்-கீஸ் ஒதென்டிகேஷன்-டைப்ஸ்=டபிள்யூபிஏ2-பிஎஸ்கே டபிள்யூபிஏ2-பிரீ-ஷேர்ட்-கீ="இங்கே கடவுச்சொல்"
/இன்டர்ஃபேஸ் வயர்லெஸ் செட் டபிள்யூலான்1 மோட்=ஏபி-பிரிட்ஜ் எஸ்எஸ்ஐடி="மாங்குளம் நூலகம்" டிஸேபிள்ட்=நோ
/சிஸ்டம் குளொக் செட் டைம்-ஸோன்-நேம்=ஏசியா/கொலம்போ
/சிஸ்டம் என்டிபி கிளையன்ட் செட் எனேபிள்ட்=யெஸ்
/சிஸ்டம் என்டிபி கிளையன்ட் சேர்வர்ஸ் ஆட் அட்ரஸ்=டைம்.கிளவுட்ஃபிளேர்.காம்
/ஐபி சேர்விஸ் டிஸேபிள் டெல்நெட்,எஃப்டிபி,டபிள்யூடபிள்யூடபிள்யூ,ஏபிஐ
/யூசர் செட் அட்மின் பாஸ்வேர்ட்="இங்கே இன்னொரு கடவுச்சொல்"
/சிஸ்டம் ஐடென்டிட்டி செட் நேம்=எம்கேஎம்-நூலகம்-1

நேர வலய வரியில் ஏசியா, கொலம்போ இரண்டின் முதல் எழுத்தும் பெரிய எழுத்து.

முதல் வரியை மட்டும் நீக்கிப் பார்த்தால் அதன் அருமை தெரியும். ரவுட்டர் உயிர்த்தெழும்போது கோப்பை ஓட்டும் பகுதி தயாராகும் நேரத்தில் வைஃபை சில்லு இன்னும் விழித்திருக்காது. பிரிட்ஜில் டபிள்யூலான்1ஐச் சேர்க்கும் வரியில் அப்படி ஒரு போர்ட்டே இல்லை என்று பிழை வரும். பிழை வந்த வரியோடு மைக்ரோட்டிக் நின்றுவிடும். அதற்கு மேலே இருந்தவை அமைந்திருக்கும், கீழே உள்ளவை ஒன்றும் நடந்திராது. மேசையில் வைத்து நீங்கள் கையால் ஓட்டும்போது இது தெரியாது, ஏனென்றால் அப்போது எல்லாம் விழித்தேயிருக்கும். "என் கையில் வேலை செய்தது, அங்கே போனதும் செய்யவில்லை" என்ற முறைப்பாட்டுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். 20 விநாடி போதும். 30 போட்டாலும் பரவாயில்லை.

பிழையில் நின்றுவிடும் என்பதால்தான் வரிகளின் ஒழுங்கும் முக்கியம். முகவரி மேலே, வைஃபை நடுவில். பெட்டியின் பெயரை வேண்டுமென்றே ஆகக் கடைசியில் வைத்திருக்கிறோம். வின்பொக்ஸின் நெய்பர்ஸ் பட்டியலில் (அது கண்டுபிடித்த பெட்டிகளின் பட்டியல்) பெயர் மாறியிருந்தால் கோப்பு கடைசிவரை ஓடியிருக்கிறது. இன்னும் மைக்ரோட்டிக் என்றே தெரிந்தால் நடுவில் எங்கோ நின்றுவிட்டது. உள்ளே போகாமலே தெரிந்துவிடும், தொலைபேசியில் ஒருவரிடம் கேட்டுக்கூட அறியலாம்.

டிஸேபிள்ட்=நோ என்பது 7இல் பெரும்பாலும் தேவையில்லை. பழைய 6ஆம் பதிப்பில் அதை எழுதாவிட்டால் டிஎச்சிபி (கணினிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் பகுதி) சேர்க்கப்படும், ஆனால் அணைந்தே கிடக்கும். எழுதிவிட்டால் நட்டமில்லை.

192.168.50 என்ற எண்ணைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. ஃபைபர் பெட்டிகள் வழக்கமாக 192.168.1.1இலும் பல 4ஜி பெட்டிகள் 192.168.8.1இலும் இருக்கும். உள்ளே நீங்களும் அதே தொடரைக் கொடுத்தால் ரவுட்டருக்கு உள்ளும் வெளியும் ஒன்றாகத் தெரியும், தரவு எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும். வைஃபை முழுச் சமிக்ஞையோடு இருக்கும், இணையம் இராது.

டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது) வரியைப் போட்டுவிட்டு ஃபயர்வோலின் டிராப் வரியை மறந்தால், வெளியிலிருந்து யாரும் உங்கள் ரவுட்டரிடம் பெயர் கேட்கலாம். அதை வைத்து இன்னொருவர்மீது தாக்குதல் நடத்துவது இணையத்தில் நெடுநாளாக நடக்கும் வேலை. இரண்டு வரியும் சேர்ந்தே வர வேண்டும். ஃபயர்வோலின் வரிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும் என்பதால் அக்செப்ட் முன்னும் டிராப் பின்னும்.

வைஃபை வரிகள் ஹேப் லைட், ஹேப் ஏசி போன்ற பழைய வரிசைக்கு உரியவை. பெயரில் ஏஎக்ஸ் என்று வரும் புதிய மாதிரிகளில் வயர்லெஸ் என்ற பட்டியலே இல்லை, வைஃபை என்று வேறொன்று இருக்கிறது, கட்டளைகளும் வேறு. ஏஎக்ஸ் பெட்டிக்குத் தனிக் கோப்பு எழுதுங்கள். இரண்டையும் ஒரே கோப்பில் சமாளிக்கப் போனால் வரிகள் இரட்டிப்பாகி யாருக்கும் விளங்காது.

எழுத்தில் வரும் சிக்கல்கள்

கட்டளை சரியாக இருந்தும் கோப்பு ஓடாததற்கான காரணங்கள் இவை. சிறியவை, ஆனால் நேரத்தைத் தின்பவை.

கோப்பை வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ இருந்து வெட்டி ஒட்டினால் நேர் மேற்கோள்குறி வளைந்த குறியாக மாறியிருக்கக்கூடும். ரவுட்டருக்கு வளைந்த குறி மேற்கோளே அல்ல. நோட்பேட்டில் எல்லா மேற்கோளையும் அழித்துத் திரும்ப அடியுங்கள்.

சேமிக்கும்போது கோப்பின் பெயர் வன்னி.ஆர்எஸ்சி. நோட்பேட் அதன் பின்னால் சத்தமில்லாமல் .டிஎக்ஸ்டி என்று ஒட்டும். சேமிக்கும் பெட்டியில் வகையை ஆல் ஃபைல்ஸ் என மாற்றுங்கள். குறியாக்கம் ஏஎன்எஸ்ஐ அல்லது வெறும் யூடிஎஃப்-8. பட்டியலில் பொம் சேர்ந்த யூடிஎஃப்-8 என்று இன்னொன்று இருக்கும், அதைத் தெரிவு செய்தால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று கோப்பின் தலையில் குந்திக்கொள்ளும். முதல் வரியிலேயே பிழை வரும், வரியைப் பார்த்தால் ஒரு குறையும் இராது.

கடவுச்சொல்லில் டாலர் குறி இருந்தால் அதற்கு முன் ஒரு பின்சாய்கோடு போடுங்கள். ரவுட்டரின் மொழியில் டாலர் குறிக்குப் பின்னால் வருவது மாறியின் (மதிப்பைச் சேமிக்கும் இடம்) பெயர். அப்படி ஒரு மாறி இல்லாததால் அந்தப் பகுதி வெறுமையாகி, நீங்கள் கொடுத்ததைவிடக் குட்டையான கடவுச்சொல் அமையும். பிழைச் செய்தியும் வராது. புதியவர்களுக்கு எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட நீளமான கடவுச்சொல்லே நல்லது. வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2க்கு ஆகக் குறைந்தது 8 எழுத்து வேண்டும்.

வைஃபை பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோளுக்குள் வர வேண்டும். பெயர்களையும் குறிப்புகளையும் ஆங்கில எழுத்திலேயே வையுங்கள். தமிழில் வைக்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் டெர்மினலில் அது குப்பையாகத் தெரியும், பிறகு திருத்துவதும் கரைச்சல்.

ஏற்றி ஓட்டுதல்

லான் வயரை ஈதர்2இல் (இரண்டாவது போர்ட்) மாட்டுங்கள். வின்பொக்ஸில் நெய்பர்ஸ் பகுதிக்குப் போய் ஐபியை அல்லாமல் மாக் முகவரியைச் சொடுக்கி உள்ளே போங்கள். அமைப்பு மாறும்போது ஐபி போய்விடும். மாக் வழி நிற்கும். பயனர் பெயர் அட்மின். புதிய பெட்டிகளில் கடவுச்சொல் அடியில் உள்ள ஒட்டுத்தாளில் அச்சாகியிருக்கும். அந்த ஒட்டுத்தாளைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைல்ஸ் சாளரத்தைத் திறந்தால் ஃபிளாஷ் என்று ஒரு கோப்புறை தெரியும். கோப்பை இழுத்து அதற்குள்ளேயே போட வேண்டும். இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். ஃபிளாஷ் கோப்புறை இருக்கும் பெட்டிகளில் அதற்கு வெளியே கிடப்பதெல்லாம் ராம் நினைவகத்தில் கிடப்பவை. ரீசெட் என்றால் மறுதொடக்கம். மறுதொடக்கத்தில் ராம் துடைக்கப்படும். ஓட்ட வேண்டிய கோப்பே காணாமல் போகும். எழும்பிவரும் பெட்டி முகவரி இல்லாமல் வெறுமையாக நிற்கும். ஃபிளாஷ் கோப்புறையே தெரியாத மாதிரிகளில் எங்கே போட்டாலும் நிலைக்கும்.

முதலில் ஒத்திகை. வெறும் பெட்டியில்தான் ஒத்திகை பார்க்க வேண்டும்; தொழிற்சாலை அமைப்பின்மேல் ஓட்டினால் பிரிட்ஜும் டிஎச்சிபியும் ஏற்கெனவே இருப்பதாக மோதும். ஆகவே:

/சிஸ்டம் ரீசெட்-கொன்ஃபிகரேஷன் நோ-டிஃபோல்ட்ஸ்=யெஸ்

எழும்பியதும் மாக் வழியாக உள்ளே போய்:

/இம்போர்ட் ஃபைல்-நேம்=ஃபிளாஷ்/வன்னி.ஆர்எஸ்சி வேர்போஸ்=யெஸ்

ஒவ்வொரு வரியும் ஓடுவது திரையில் தெரியும். நின்றால் எந்த வரி, வரியில் எத்தனையாவது எழுத்து என்று சொல்லும். திருத்தி, திரும்ப ஏற்றி, திரும்ப ரீசெட் செய்து ஓட்டுங்கள். நின்ற வரியிலிருந்து மிச்சத்தை மட்டும் கையால் அடித்து முடித்துவிட்டு "சரி" என்று விடாதீர்கள். அப்படி விட்டால் பெட்டி சரியாக இருக்கும், கோப்பு பிழையாகவே இருக்கும். நாளைக்கு உங்களுக்கு மிஞ்சப்போவது கோப்பு மட்டும்தான்.

ஒத்திகை சுத்தமாக ஓடினால் உண்மையான கட்டளை:

/சிஸ்டம் ரீசெட்-கொன்ஃபிகரேஷன் நோ-டிஃபோல்ட்ஸ்=யெஸ் ஸ்கிப்-பக்கப்=யெஸ் ரன்-ஆஃப்டர்-ரீசெட்=ஃபிளாஷ்/வன்னி.ஆர்எஸ்சி

நோ-டிஃபோல்ட்ஸ் கட்டாயம். ஸ்கிப்-பக்கப் என்பது ரீசெட்டுக்கு முன் பழைய அமைப்பின் நகலை எடுக்காதே என்பது. புதுப் பெட்டியில் நகலால் பயனில்லை. ஹேப் லைட்டின் ஃபிளாஷ் மொத்தமே 16 மெகாபைட், அதில் 7ஆம் பதிப்பு ஏறிய பிறகு இடம் மிச்சம் மிகக் குறைவு. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியில் செய்வதானால் நோ என்று கொடுங்கள், திரும்பிப்போக ஒரு வழி இருக்கட்டும்.

இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். விளக்கு நின்று நின்று எரிகிறதே என்று பிளக்கைக் கழற்றாதீர்கள்.

பிறகு பார்க்க வேண்டியவை, இந்த ஒழுங்கில். நெய்பர்ஸில் பெயர் மாறியிருக்கிறதா. மடிக்கணினிக்கு 192.168.50இல் தொடங்கும் முகவரி வந்திருக்கிறதா. வராவிட்டால் டிஎச்சிபி வரிகள். ரவுட்டர் டெர்மினலில் /பிங் 8.8.8.8 (இணையத்தில் உள்ள ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்ற சோதனை) போகிறதா; போகாவிட்டால் ஈதர்1 வயர் அல்லது வெளிப்பெட்டி. மடிக்கணினியிலிருந்து அதே பிங். ரவுட்டரிலிருந்து போய், கணினியிலிருந்து போகாவிட்டால் மாஸ்கரேட் வரி. எண்ணுக்குப் போய்ப் பெயருக்குப் போகாவிட்டால் டிஎன்எஸ். பெயர் மாறியிராவிட்டால் மாக் வழியாக உள்ளே போய் /லொக் பிரின்ட் கொடுங்கள். இதை உடனே செய்யுங்கள், பதிவேடு ராமில் இருப்பதால் அடுத்த மறுதொடக்கத்தில் அழிந்துவிடும்.

ஒவ்வொரு தொடக்கத்திலும் ஓட வேண்டுமென்றால்

ரியூசன் நிலையத்தில் பொடியள் அமைப்பை நோண்டுவார்கள், ஒவ்வொரு காலையும் வேக வரம்புகள் பழைய நிலைக்கு வர வேண்டும் என்றால், அல்லது ரவுட்டருக்குள் போகத் தெரியாத ஒருவர் பென் ட்ரைவில் உள்ள உரைக்கோப்பை மாத்திரம் திருத்தி மாட்டினால் போதும் என்றால், இந்த வழி பொருந்தும். ஹேப் லைட்டில் பென் ட்ரைவ் மாட்ட முடியாது, அதன் யூஎஸ்பி மின்சாரத்துக்கு மட்டுமே. ஹெக்ஸ் ஆர்பி750ஜிஆர்3 போன்ற யூஎஸ்பி போர்ட் உள்ள மாதிரி வேண்டும். பென் ட்ரைவ் ஃபேட்32 வடிவில் இருக்கட்டும்.

ஒரு தடவை மட்டும் ரவுட்டரில் இதைக் கொடுக்க வேண்டும்:

/சிஸ்டம் ஷெட்யூலர் ஆட் நேம்=தொடக்கம் ஸ்டார்ட்-டைம்=ஸ்டார்ட்அப் ஒன்-இவென்ட்=":டிலே 30எஸ்; /இம்போர்ட் ஃபைல்-நேம்=யூஎஸ்பி1/தினம்.ஆர்எஸ்சி"

ஸ்டார்ட்அப் என்றால் கட்டளைப் பகுதி தொடங்கி 3 விநாடியில் ஓடும். பென் ட்ரைவ் அதற்குள் எழும்பாது, அதனால் 30 விநாடி. பென் ட்ரைவின் பெயர் பதிப்புக்குப் பதிப்பு யூஎஸ்பி1 என்றோ டிஸ்க்1 என்றோ இருக்கும். ஃபைல்ஸ் சாளரத்தில் எப்படித் தெரிகிறதோ அப்படி எழுதுங்கள். பென் ட்ரைவ் இல்லாவிட்டால் பதிவேட்டில் ஒரு பிழை விழும், வேறொன்றும் கெடாது.

ஷெட்யூலரைச் (மேலே கொடுத்த, குறித்த நேரத்தில் ஓட்டும் வசதி) சேர்க்கவே விடாமல் ரவுட்டர் மறுத்தால், புதிய பதிப்புகளில் வந்த டிவைஸ்-மோட் என்ற பூட்டு தடுக்கிறது. /சிஸ்டம் டிவைஸ்-மோட் அப்டேட் ஷெட்யூலர்=யெஸ் என்று கொடுத்துவிட்டு 5 நிமிடத்துக்குள் பெட்டியின் பொத்தானை அழுத்த வேண்டும் அல்லது பிளக்கைக் கழற்றிப் பூட்ட வேண்டும். தொலைவிலிருந்து ஒருவர் இதை மாற்றக்கூடாது என்பதற்காகவே இப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே பெட்டியைக் கொண்டுபோய்ப் பூட்டுவதற்கு முன்னரே செய்துவிடுங்கள்.

தினமும் ஓடும் கோப்பில் ஆட் மட்டும் எழுதினால் இரண்டாம் நாளே நின்றுவிடும்: அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்ற பிழை. முதலில் நீக்கு, பிறகு சேர் என்ற முறையில் எழுத வேண்டும். நீக்க வேண்டியதை அடையாளம் காண ஒரு குறிப்புச் சொல்லை ஒட்டிவைப்பது எளிய வழி:

/கியூ சிம்பிள் ரிமூவ் [ஃபைண்ட் கொமென்ட்=பென்]
/கியூ சிம்பிள் ஆட் நேம்=வகுப்பு1 டார்கெட்=192.168.50.0/24 மேக்ஸ்-லிமிட்=4எம்/10எம் கொமென்ட்=பென்

முதல் வரி நாமே நேற்றுப் போட்டதை மட்டும் எடுக்கும், கையால் போட்டவற்றைத் தொடாது. மேக்ஸ்-லிமிட்டில் முதலாவது ஏற்றம், இரண்டாவது இறக்கம்.

இணையம் வந்துவிட்டதா என்று பார்க்கும் வரிகளைத் தொடக்கக் கோப்பில் போடாதீர்கள். கரண்ட் வந்ததும் மைக்ரோட்டிக் முதலில் எழும்பிவிடும். ஃபைபர் பெட்டியும் 4ஜி பெட்டியும் பிந்தித்தான் வரும். டிஎச்சிபி கிளையன்ட் தானாகவே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும், அதற்கு உதவி தேவையில்லை. மணிக்கூட்டையும் நம்பாதீர்கள். இந்தச் சிறு பெட்டிகளில் மணிக்கூட்டுக்கென்று மின்கலம் கிடையாது. என்டிபி (இணையத்திலிருந்து நேரம் வாங்கும் முறை) வழியாக நேரம் கிடைக்கும்வரை அது காட்டும் திகதி பிழையாகவே இருக்கும்.

பென் ட்ரைவ் வழிக்கு ஒரு விலை உண்டு. பென் ட்ரைவ் மாட்டக்கூடிய எவரும் ரவுட்டரை ஆளலாம். பெட்டியைப் பூட்டிய அலுமாரிக்குள் வைக்க முடியாத இடத்தில் இந்த வழி வேண்டாம்.

ரீசெட் பொத்தானும் உங்கள் கோப்பையே ஓட்ட

ரன்-ஆஃப்டர்-ரீசெட் ஒரு தரத்துக்கு மட்டும். அங்கே உள்ள ஒருவர் பொத்தானை அழுத்திப் பிடித்துவிட்டால் தொழிற்சாலை அமைப்பு வரும்; 192.168.88.1, கோப்பு ஃபிளாஷில் சும்மா கிடக்கும். தூரத்து இடங்களுக்குக் கொடுக்கும் பெட்டிகளில் நெட்இன்ஸ்டோல் மூலம் கோப்பை ஏற்றுவதே சரி. மைக்ரோட்டிக் தளத்தில் கிடைக்கும் அந்த மென்பொருளில் கொன்ஃபிகர் ஸ்கிரிப்ட் என்ற இடத்தில் உங்கள் கோப்பைக் காட்டினால், அதுவே அந்தப் பெட்டியின் இயல்பு அமைப்பாகிவிடும்.

மடிக்கணினிக்கு 192.168.88.2 என்று நிலையான முகவரி கொடுங்கள். வைஃபையை அணையுங்கள், விண்டோஸ் ஃபயர்வோலையும் சற்று நேரம் அணையுங்கள். வயர் இம்முறை ஈதர்1இல். ரீசெட் பொத்தானை அழுத்தியபடியே மின்சாரம் கொடுத்து, நெட்இன்ஸ்டோல் பட்டியலில் பெட்டி தெரியும்வரை விடாதீர்கள். ஏற்றும் ரவுட்டர்ஓஎஸ் பொதி (நிறுவும் கோப்பு) சரியான வகையாக இருக்க வேண்டும்: ஹேப் லைட்டுக்கு எஸ்எம்ஐபிஎஸ், ஹெக்ஸ் ஆர்பி750ஜிஆர்3க்கு எம்எம்ஐபிஎஸ், ஹேப் ஏசி ஸ்குவயருக்கு ஆர்ம். பெட்டி பட்டியலில் தெரியாவிட்டால் பத்துக்கு எட்டு தரம் மடிக்கணினியின் ஃபயர்வோல்தான். இல்லாவிட்டால் நடுவில் ஒரு சுவிட்ச் வைத்து முயலுங்கள். இந்த வேலையில் உள்ளே இருந்த கோப்புகள் எல்லாம் அழியும், உரிமம் அழியாது.

வேறு பெட்டி வைத்திருப்பவர்களுக்கு

ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச இயங்குதளம் ஏற்றிய ரவுட்டரில் ஈடிசி கோப்புறைக்குள் யூசிஐ-டிஃபோல்ட்ஸ் என்ற இடத்தில் கோப்பை வைத்தால் முதல் தொடக்கத்தில் ஓடும். வெற்றியாக முடிந்தால் தானாகவே அழிக்கப்படும், முடியாவிட்டால் அடுத்த தொடக்கத்தில் திரும்ப ஓடும். ஒவ்வொரு தொடக்கத்துக்கும் ஆர்சி.லோக்கல் என்ற கோப்பு, அதில் எக்ஸிட் 0 என்ற வரிக்கு மேலே எழுத வேண்டும், கீழே எழுதினால் ஓடாது. சிஸ்கோவில் தொடக்க அமைப்பு வெறுமையாக இருந்தால் பெட்டி தானே டிஎச்சிபி கேட்டு, அது காட்டும் டிஎஃப்டிபி (கோப்புகளைக் கொடுக்கும்) சேவையகத்திலிருந்து உரைக்கோப்பை இறக்க முயலும். இணைய நிறுவனம் கொடுக்கும் பெட்டிகளின் நகல் கோப்பு பலவற்றில் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், நோட்பேட்டில் திறந்தால் ஒன்றும் வாசிக்க முடியாது. அவற்றை வெறும் வாசலாக வைத்துக்கொண்டு பின்னால் உங்கள் சொந்த ரவுட்டரைப் பூட்டுங்கள்.

கோப்பை வைத்திருக்கும் விதம்

கடவுச்சொற்கள் அதில் வெளிப்படையாக இருக்கின்றன. குழு வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். ஒரு பென் ட்ரைவில் கோப்பும், வின்பொக்ஸும், அந்த மாதிரிக்குரிய ரவுட்டர்ஓஎஸ் பொதியும், நெட்இன்ஸ்டோலும் சேர்த்து நிலையத்தின் இரும்பலுமாரியில் ஒன்று, பொறுப்பானவரின் வீட்டில் ஒன்று. இணையம் செத்த நேரத்தில் இவற்றை இறக்கப் போக முடியாது என்பதால் பொதிகளும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

ரவுட்டரில் நேரடியாக எதையாவது மாற்றினால் அன்றைக்கே கோப்பிலும் மாற்றி, மேலே ஒரு குறிப்பு வரியில் திகதி போடுங்கள்; # குறியில் தொடங்கும் வரியை ரவுட்டர் படிக்காது. மாற்றுப் பெட்டி வாங்கும்போது அதே மாதிரியையே கேட்டு வாங்குங்கள். போர்ட் எண்ணிக்கை குறைந்த வேறொன்று வந்தால், இல்லாத போர்ட்டைக் குறிக்கும் வரியில் கோப்பு நின்றுவிடும். புதுப் பெட்டியை மாட்டுமுன் வெளியால் வரும் லான் வயரில் ஒரு சேர்ஜ் தடுப்பானைப் போட்டு அதை நிலத்தோடு இணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கார்த்திகையில் திரும்பவும் இதே வேலைதான்.